கக்கத்தில் ஒரு சிவப்பு முடிச்சு

பூந்தமல்லியில் நாற்பத்தாறு வீட்டுத் துணி பூங்காவனத்தின் கையால் வெளுத்தது. அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது, ஆனால் நாற்பத்தாறு வீட்டுக் குறியும் தலைகீழ்ப் பாடம். சேங்கொட்டைச் சாற்றை ஈர்க்குச்சியில் தொட்டு, இந்த வீட்டுக்கு இரண்டு கோடு, அந்த வீட்டுக்கு மூன்று புள்ளி என்று காலர் மடிப்புக்குள் வைத்துவிட்டால், துணி நைந்து கரித்துணியாகும்வரை அந்தக் கறுப்பு போகாது. மண்ணூர்பேட்டையிலிருந்து பதினாலு வயதில் எத்திராஜுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், இப்போது நாற்பதைத் தொட்டுவிட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டு வேட்டி இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

குறியைப் பற்றி ஊருக்கே தெரியும். இன்னொரு சங்கதி அவர்கள் தெருவுக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை வெளுக்கப் போகிற துணி அடுத்த திங்கட்கிழமைதான் திரும்பும். நடுவில் ஒரு முகூர்த்த நாள் வந்துவிட்டால், மேலே போட ஒரு கோட்டுக்கு வழியில்லாத எவனோ ஒருவன் கல்யாணத்துக்குப் போக வேண்டியிருக்கும். அவன் சாயங்காலமாகத் தெருவுக்குள் வந்து தலையைச் சொறிவான். படி அரிசியோ நாலணாவோ கொடுத்து, யாரோ ஒரு பெரிய மனிதரின் கோட்டில் இரண்டு நாள் பெரிய மனிதனாக இருந்துவிட்டு வருவான். அப்படி வெளியே போகிற துணிக்கு, உள்பக்கம் கக்கத்துத் தையலில் ஒரு சிவப்பு நூலை முடிந்து விடுவார்கள். துணி திரும்பி வந்ததும் நூலை அறுத்து, இன்னொரு தரம் வெளுத்து, பெட்டி போட்டுச் சொந்தக்காரரிடம் சேர்த்துவிடுவார்கள். நூல் இருந்தால் துணி இன்னும் வரவில்லை, அவ்வளவுதான் கணக்கு. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து நடக்கிறது. வெளியே தெரிந்தால் எந்த வீட்டிலும் துணி போடமாட்டார்கள் என்பதால் தெருவில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆவடிப் பக்கம் வயலெல்லாம் மிலிட்டரி டிப்போவாகிப் போயிருந்தது. தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, சென்னீர்குப்பத்து ஜம்புலிங்கம் வந்து நின்றான். டிப்போவில் லாரி ஓட்டுகிறவன். நூம்பலில் கூட்டாளிக்குக் கல்யாணம், ஒரு கோட்டு வேண்டும் என்றான். பூங்காவனம் மூட்டையைப் பிரித்தாள். வளையல் கடை பஷீர் அகமதுவின் பழுப்புக் கோட்டு மேலாக இருந்தது. ஊரில் அந்த நிறத்துக்கு வேறு கோட்டு கிடையாது, அரை மைலுக்கு அப்பால் பார்த்தாலும் பாய் வருகிறார் என்று சொல்லிவிடலாம். அதைப் போய்க் கொடுத்தாளே என்றால், ஜம்புலிங்கத்தின் தோளுக்கு அதுதான் கச்சிதமாக இருந்தது. சிவப்பு நூலை முடிந்து கையில் கொடுத்தாள்.

சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் ஸ்டோரில் வெடிச்சத்தம் கேட்டது. ஸ்டோர் என்பது பஜாருக்குப் பின்னால் ஒரே வாசலுக்குள் எட்டுக் குடித்தனம் இருக்கிற கட்டடம். அதில் மூன்றாவது வீட்டில் லோகநாதன் என்கிற டிப்போ கிளார்க்கு மார்பில் குண்டு பாய்ந்து செத்துக் கிடந்தான். ஆறாவது வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தபோது, பழுப்புக் கோட்டுப் போட்ட ஒரு முதுகு கொல்லைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்ததாம். சுவரின் மேலெல்லாம் கண்ணாடிச் சில்லு. முதுகு போய்விட்டது, கோட்டு சில்லில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

பஷீர் அகமது அதே ஸ்டோரில் ஐந்தாவது வீடு. கிணற்றடியில் அவர் வீட்டுப் பெண்கள் தண்ணீர் எடுக்கிற நேரத்தில் லோகநாதன் வந்து நிற்கிறான் என்று நாலு பேர் நடுவில் சத்தம் போட்டு, பத்து நாள்கூட ஆகவில்லை. மனைவி வஹீதுன்னிசா பல்லாவரத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வெடி வெடித்த நேரத்தில் வேலப்பன்சாவடியிலிருந்து தனியாக நடந்து வந்துகொண்டிருந்தேன் என்று பஷீர் சொன்னார். பார்த்தவர் யாரும் இல்லை. கோட்டு என்னுடையதுதான், ஆனால் வெளுக்கப் போட்டிருக்கிறேன் என்றார். போலீஸ் நம்பவில்லை, அன்று ராத்திரியே அவரைக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேதி தெருவுக்கு வந்தபோது பூங்காவனம் வெள்ளாவி அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். பழுப்புக் கோட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் தள்ளின விறகை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். எத்திராஜ் அவளைக் குடிசைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினான்.

"இன்னாடி பண்ணி வெச்சிக்கீறே?"

"எனக்கு இன்னா தெரியும், கல்யாணத்துக்குன்னுதானே கேட்டான்."

"வாயத் தொறந்தியோ, நம்ம தெருவுல ஒருத்தன் ஊட்லயும் அடுப்பு எரியாது. கோட்டைப் பாயண்டயே குடுத்துட்டேன்னு சொல்லிடு. வெள்ளிக்கிழமயே குடுத்துட்டேன்னு சொல்லு."

மத்தியானம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் கோட்டைக் கையில் கொடுக்கவில்லை, காலரை மட்டும் திருப்பிக் காட்டினார். நாலு புள்ளி, குறுக்கே ஒரு கோடு. யார் வீட்டுக் குறி என்று கேட்டார், சொன்னாள். கோட்டு உன்னிடம் இருந்ததா என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழமயே பாய் கையில குடுத்துட்டேன் சாமி."

அந்த ஒரு வரியை எழுதி, அவள் கட்டைவிரலை மையில் தொட்டு ஒற்றிக்கொண்டார்கள். வெளியே வந்தவள் மரத்தடியில் உட்கார்ந்து கட்டைவிரல் மையை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதனின் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டு வந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்போதே திரும்ப உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

அதற்கப்புறம் பூந்தமல்லியில் அந்தக் கோட்டைத் தவிர வேறு பேச்சே இல்லை. பட்டணத்துப் பத்திரிகை ஒன்று நாலு புள்ளியையும் குறுக்குக் கோட்டையும் படமாகவே போட்டுவிட்டது. சேங்கொட்டைக் குறி கையெழுத்துக்குச் சமம் என்று ஒரு வக்கீல் எழுதினார். எந்தப் பயலும் ஈர்க்குச்சியால் நாலு புள்ளி வைக்கலாம் என்று இன்னொரு வக்கீல் எழுதினார். தினம் ஒரு மேதாவி கிளம்பினார். யுத்தத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பதைக்கூட ஜனங்கள் ஒத்திப்போட்டார்கள். பஸ் நிற்குமிடத்துக் காபி கிளப்பில் ஒருவர் காலரை ஒருவர் மடித்துப் பார்த்துக்கொண்டார்கள். கோர்ட்டுக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற பரந்தாமன் ஒரு பெஞ்சு, ஆணிக்கடை ஹாஜா மொய்தீன் எதிர் பெஞ்சு.

"கோட்டு அவுரதுதான்னு அவுரே ஒத்துக்கினாரு. அப்புறம் இன்னா பேச்சு?" என்பார் பரந்தாமன்.

"குறி கோட்டு யாருதுன்னுதானேபா சொல்லும்? உள்ள இருந்த ஆளு யாருன்னு சொல்லுமா?"

"வண்ணாத்தி சொல்றாளே, குடுத்துட்டேன்னு. அவளுக்குப் பொய் சொல்லி இன்னா ஆவணும்?"

ஹாஜா மொய்தீன் காபியை எடுத்துக் குடிப்பார். அந்த இடத்தில்தான் ஊரே முட்டிக்கொண்டு நின்றது. பூங்காவனம் துணி மூட்டையோடு அந்தப் பக்கம் போனால் கிளப்பு ஆட்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "குறி எப்படிம்மா வெப்பீங்க, கொஞ்சம் காட்டு" என்பார்கள். அவள் மூட்டையை இறக்கிவிட்டுத் தரையில் விரலால் புள்ளி வைத்துக் காட்டுவாள். இத்தனை படித்தவர்களும் காலரைச் சுற்றிச் சுற்றி வருகிறார்களே, எவனாவது ஒருவன் கோட்டைப் புரட்டிக் கக்கத்தில் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவள் பயம். ஒருத்தரும் பார்க்கவில்லையே என்பது இன்னொரு பயம். இரண்டும் சேர்ந்து அவளைச் சோறு தின்னவிடாமல் செய்தன.

ஒரு நாள் வஹீதுன்னிசாவே தெருவுக்கு வந்தாள். மல்லிகை மாதிரி வெளுத்த துணியை மடித்து வைத்தால் எண்ணிக்கூடப் பார்க்காமல் பெட்டியில் வைக்கிற பெண் அவள். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட எண்ணியதில்லை. இப்போது முகம் சுண்டிப் போயிருந்தது.

"பூங்காவனம், நான் உன்மேல சந்தேகப்பட்டு வரல. அவுரும் அதான் சொல்லி அனுப்பிச்சாரு. 'பூங்காவனம் பொய் சொல்ற பொம்பளை இல்ல, வேற ஊட்டுத் துணியோட மறந்துட்டிருப்பா, நல்லா யோசிக்கச் சொல்லு'ன்னாரு. கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பூங்காவனம் தரையைப் பார்த்துக்கொண்டு, "யோசிக்கிறேன் பாயம்மா" என்றாள். வஹீதுன்னிசா போனபிறகு வெள்ளாவிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

ஜம்புலிங்கமும் வந்தான். ஏரிக்கரைத் துறையில் நல்ல உச்சி வெயில். நிமிர்ந்து பார்த்தால், அவள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துக் கல்லில் குந்திக்கொண்டிருக்கிறான். வலது உள்ளங்கையில் நீளமாக ஒரு காயம், தையல் பிரித்த வடு இன்னும் சிவப்பாக இருந்தது.

"இன்னா யக்கா, துணி ஜாஸ்தியா கீதா?"

அவள் கையிலிருந்த துணியை அலசிக்கொண்டே இருந்தாள்.

"ஊர்ல இன்னான்னாவோ பேசிக்கிறாங்க. நான் எப்பனா உன்கிட்ட கோட்டு வாங்கிக்கீறனா?"

"இல்லே."

"அதான் பாத்தேன். நேத்து மண்ணூர்பேட்டப் பக்கம் லாரி போச்சு. உன் பொண்ணு ராணி வாசல்ல நின்னுகினு கீறா. மாசமா கீறா போலயே. ரோட்டோரத்து ஊடு, பாத்து இருக்கச் சொல்லு."

எழுந்து, கையைத் தண்ணீரில் அலம்பிக்கொண்டு போய்விட்டான். பூங்காவனம் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே இருந்தாள். யாரோ ஒருவரின் புடவை அவள் கையை விட்டு மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் சித்திரை மாதம் விசாரணை வந்தது. பூந்தமல்லியிலிருந்து ஒரு பஸ் நிறைய ஜனம் வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிட்டது, திருவிழாவுக்குப் போகிறாற்போல் புளியோதரை வேறு. பரந்தாமனும் ஹாஜா மொய்தீனும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே ஒரே ஸீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். எத்திராஜ் மனைவியின் காதோரம், "அதே வரி. வெள்ளிக்கிழம குடுத்துட்டேன். வேற ஒண்ணும் வாணாம்" என்று பத்துத் தடவை சொன்னான்.

கூண்டில் பஷீர் அகமதுவைப் பார்த்தாள். தாடி நரைத்துவிட்டது. ஜெயிலில் யாரோ வெளுத்த சட்டை, அழுக்கே போகவில்லை. அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. தம் பக்கத்து ஆள் ஒருவர் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டாற்போல் லேசாகத் தலையை அசைத்தார். பின்வரிசையில் தூணோரமாக ஜம்புலிங்கம் நின்றுகொண்டிருந்தான்.

ஜட்ஜு நம் பக்கத்து மனிதர்தான், பேச்செல்லாம் இங்கிலீஷ். குமாஸ்தா ஒருவர் தமிழில் சொன்னார். சர்க்கார் வக்கீல் கேட்கக் கேட்க அவள் தலையாட்டினாள். குறி அவள் வைத்ததுதான். வீடு பஷீர் அகமது வீடுதான். அரக்கு முத்திரையை உடைத்து, பொட்டலத்தைப் பிரித்துக் கோட்டை அவள் கையில் கொடுத்தார்கள்.

"இதுதானா, நன்றாகப் பார்த்துச் சொல்."

கொடுத்திருக்கக் கூடாது. இருபத்தாறு வருஷம் துணி புரட்டிய கை அது, அவள் சொன்ன பேச்சை எங்கே கேட்கிறது? கோட்டு கைக்கு வந்ததும் இடது கை அதைப் புரட்டிவிட்டது. வலது கட்டைவிரல் தானாகப் போய்க் கக்கத்துத் தையலில் நின்றது. முடிச்சு அங்கேயே இருந்தது. இரவல் போன துணி கைக்கு வந்தால் முதலில் அதைத்தான் தேடும், தேடிவிட்டது. சட்டென்று விரலை எடுத்தாள்.

ஜட்ஜு அதைக் கவனித்துவிட்டார். ஏதோ கேட்டார். குமாஸ்தா தமிழில் திருப்பிச் சொன்னார்.

"அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்கிறார்."

கிழிசல் பார்த்தேன் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பின்வரிசையில் ஜம்புலிங்கம் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தான். அவளுக்கு ராணியின் வயிறு ஞாபகம் வந்தது. எத்திராஜ் தெரிந்தான், தெருவில் இருக்கிற பதினெட்டுக் குடிசையும் தெரிந்தன. கூண்டில் இருந்தவர் மட்டும் அவளைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார், யோசி, நிதானமாக யோசி என்பதுபோல. மறந்துதான் போயிருக்கிறாள் என்று அந்த மனிதர் இன்னமும் நம்பிக்கொண்டிருந்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"சாமி, நான் பொய் சொல்லிட்டேன்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்கள். "பொய் சொல்லிட்டேன் சாமி. இந்தக் கோட்டைப் பாயண்ட திருப்பிக் குடுக்கல. இங்க பாருங்க, செவப்பு நூலு. ஊட்டுக்காரங்களுக்குத் தெரியாம வேற ஆளுக்கு இரவல் குடுத்தா நாங்க இந்த நூலை முடிஞ்சி வுடுவோம். திரும்பி வந்தாத்தான் அறுப்போம். இது இன்னும் கீது. திரும்பி வர்ல."

கோர்ட்டில் ஒரே கூச்சல். சர்க்கார் வக்கீல் எகிறிக் குதித்தார். யாரோ காசு கொடுத்துச் சொல்லச் சொன்ன கதை, நூல் இப்போது வைத்ததாக இருக்கும் என்றார். ஜட்ஜு உடைந்த அரக்கைத் தூக்கிக் காட்டினார். சுவரிலிருந்து எடுத்த மறுநாளே கோட்டு முத்திரைக்குள் போய்விட்டது, அதற்குமுன் இவள் கையில் கொடுக்கவே இல்லை, இந்தப் பெண் எப்போது வைத்திருப்பாள் என்று கேட்டார். அப்புறம் அவளைப் பார்த்து, யாருக்குக் கொடுத்தாய் என்றார்.

"சென்னீர்குப்பத்து ஜம்புலிங்கம். தோ, அங்க…" என்று கையை நீட்டினாள். தூணோரம் காலியாக இருந்தது.

அவனைப் பிடிக்க ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் ராணியைக் கூட்டிவந்து குடிசைக்குள் வைத்து, பட்டப்பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டு, லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பூங்காவனம் மகளின் வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆவடியில் டிப்போ ஷெட்டிலேயே அகப்பட்டான். டிப்போ சாமானை வெளியே கடத்தி விற்றதில் அவனும் லோகநாதனும் கூட்டு, அதில் வந்த தகராறு என்று பிறகு தெரிந்தது. துப்பாக்கியும் டிப்போவில் திருடியதுதான், கல்யாணத்திலிருந்து அதே கோட்டோடு நேராக ஸ்டோருக்குப் போயிருக்கிறான். பஷீர் அகமதுவை விட்டுவிட்டார்கள். காபி கிளப்பில் இப்போது நூலைப் பற்றிச் சண்டை நடந்தது. ஒரு நூல் சாட்சியாகுமா என்று பரந்தாமன் சட்டம் பேசினார். பாதிப் பேர் அவரைக் கேட்கவில்லை, தங்கள் சட்டையைக் கழற்றிக் கக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பார்த்த அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்த் துணியை நிறுத்தினார்கள். திங்கட்கிழமை பூங்காவனம் வீடு வீடாகப் போனாள். மணியக்காரர் வீட்டில் கதவே திறக்கவில்லை. இன்னொரு வீட்டில், "எங்க சட்டைய எவன் எவன் மாட்டினானோ" என்று அவள் காதில் விழும்படி சொன்னார்கள். தெருவில் மற்ற பதினேழு குடிசைக்கும் அதே கதிதான். துறையில் பெரியவர் வரதன் அவளைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். எத்திராஜ் அவளோடு பேசி எட்டு நாள் ஆகியிருந்தது.

கடைசியில் ஸ்டோருக்குப் போனாள். எட்டு வீட்டுக் கதவிலும் தலைகள் முளைத்தன. ஐந்தாவது வீட்டின் முன் நின்று, "பாயம்மா" என்றாள். வஹீதுன்னிசா வந்தாள். உள்ளே கயிற்றுக் கட்டிலில் பஷீர் அகமது படுத்திருந்தது தெரிந்தது.

வஹீதுன்னிசா கதவைப் பாதி சாத்தி, அவரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"எண்பத்தோரு நாளு" என்றாள் வஹீதுன்னிசா. "உன் ஊடு தேடி வந்து கேட்டேனே. அன்னிக்கும் உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும் பாயம்மா."

"தூக்கம் வந்துச்சா உனக்கு?"

"வர்ல."

"எனக்கும் வர்ல."

அவள் உள்ளே போனாள். அவ்வளவுதான் என்று பூங்காவனம் கிளம்பத் திரும்பினாள். "நில்லு" என்ற சத்தம் கேட்டது. வஹீதுன்னிசா அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் போட்டாள். பூங்காவனத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. எப்போதும்போல மூட்டைத் துணியை விரித்து, அள்ளிக் கட்டக் குனிந்தாள்.

"இரு."

வஹீதுன்னிசா எதிரே குந்தி உட்கார்ந்தாள். மேலே கிடந்த சட்டையை எடுத்து உதறினாள். புரட்டி, கக்கத்துத் தையலில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, மூட்டைத் துணியின்மேல் வைத்தாள்.

"ஒண்ணு."

அடுத்ததை எடுத்தாள். பூங்காவனம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பதினொன்றுவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.